அறுநூற்றில் சேராத தாள்கள்

ரகு,

நீ கேட்ட பார்சலை மூன்று தடவை கட்டி, மூன்று தடவை பிரித்துவிட்டேன். ஹப்சிகுடா போஸ்ட் ஆபீஸில் தபால் தலை கொடுக்கும் அம்மாவுக்கு என் முகம் பழகிப்போய்விட்டது. நேற்று வரிசையில் என் முறை வந்ததும், "ஏமண்டி, ஈரோஜைனா பம்பிஸ்தாரா?" என்று கேட்டாள். இன்றைக்காவது அனுப்புவீர்களா என்கிறாள். உனக்கு நான் தெலுங்கை மொழிபெயர்த்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். தமிழில்தான் நீ தடுமாறுவாய். தடுமாறினாலும் பரவாயில்லை, இந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடு. உனக்கு எப்போதும் இங்கிலீஷில் எழுதுகிறவன் இதை மட்டும் இங்கிலீஷில் எழுதப் பயப்படுகிறேன். அந்த பாஷையில் எதையும் நயமாகச் சொல்லித் தப்பிக்க எனக்கு முப்பது வருஷப் பழக்கம் இருக்கிறது. போஸ்ட் ஆபீஸிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல் தார்னாகா வரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். இரண்டு வாரமாக இப்படித்தான் இருக்கிறேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரைத் தானாக வாக்கியம் எழுத வைப்பதுதான் உன் ஆராய்ச்சி என்றும், அதற்கு நிஜமான மனிதர்கள் வேலை நேரத்தில் எழுதிய எழுத்து ஒரு பெரிய குவியலாக வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் குவியலைக் கார்ப்பஸ் என்று சொல்கிறோம், எங்கப்பா தொகுத்த அறுநூறு ரிப்போர்ட் இருக்கிறது என்றதும் என் கைடு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். பம்பாயில் ஒரு புரொபசர் என் வேலைக்கு எழுந்து நின்றிருக்கிறார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் முழுக்கச் சுற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் மற்றது ஞாபகம் வந்தது. அந்தக் குவியலைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த வருஷம் எங்கள் தொழிற்சாலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் வொர்க்ஷாப்பில் ஒரு பக்க ரிப்போர்ட் எழுதி அனுப்புவார்கள், அது உனக்குத் தெரியும். இனிமேல் ஆட்கள் எண்களை மட்டும் பாரத்தில் நிரப்பினால் போதும், ரிப்போர்ட்டை மெஷினே இங்கிலீஷில் எழுதிவிட வேண்டும் என்று எங்கள் பிரிவுத் தலைவருக்கு ஓர் ஆசை. புரோகிராம் எழுத பத்மஜா என்ற பெண்ணைப் போட்டார்கள். வாரங்கல்காரி, கெட்டிக்காரி. மனிதர்கள் எதை முதலில் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள், எந்த அளவு தாண்டினால் எந்த வார்த்தை போடுகிறார்கள் என்று பார்க்க எனக்குப் பழைய ரிப்போர்ட்டுகள் வேண்டும் என்று அவள் கேட்டாள். ரெக்கார்ட் ரூமிலிருந்து எண்ணூற்றுச் சொச்சம் ரிப்போர்ட் எடுத்து வந்தார்கள். அதிலிருந்து அறுநூறு பொறுக்கித் தரும் வேலை என்னிடம் வந்தது. தலைவருடைய கடிதங்களையே நான்தான் திருத்துவேன் என்பதால் டெக்னிகல் செக்ஷனில் எனக்கு 'டிராஃப்ட் சாமி' என்று பெயர். அந்தப் பெயர் கிண்டலுக்கு வைத்தது என்பதுகூட எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

எப்படிப் பொறுக்கினேன் தெரியுமா? நல்ல இங்கிலீஷ் எங்கே இருந்ததோ அதை எடுத்தேன். அவ்வளவுதான். அதிகாரிகள் எழுதியவை வரிக்கு வரி அழகாக இருந்தன: எல்லாம் இயல்பாக நடந்தது, குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் காணப்படவில்லை. அவற்றைப் படிக்கவே சுகமாக இருந்தது. சார்ஜ்மேன்களும் ஆபரேட்டர்களும் எழுதியதில் பாதிக்கு மேல் அடித்தல் திருத்தல், எண்ணெய்க் கறை, ஒரு வாக்கியத்துக்குள் மூன்று விஷயம். மெஷினுக்குக் கெட்ட பழக்கம் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று பத்மஜாவிடம் சொன்னேன். அவள் தயங்கினாள். "சார், எல்லா மாதிரியும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் நல்லது, இல்லையா?" என்றாள். இங்கிலீஷ் விஷயத்தை என்னிடம் விட்டுவிடு அம்மா என்றேன். அவள் வயதுக்கு அதற்கு மேல் பேச முடியாது, எனக்கும் அது தெரியும். இருநூற்றுப் பதினான்கு தாள்களைத் தள்ளி வைத்தேன்.

தள்ளியதைக் கிழித்துப் போட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஆனால் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கவர்மென்ட் சம்பளக்காரன் வீட்டில் ஒரு பக்கத் தாளைக் கிழிப்பார்களா? அந்தக் காலனியில் எந்தப் பிள்ளை கணக்கு நோட்டு வாங்கிக் கணக்குப் போட்டது, சொல்லு. நீ இன்டகிரேஷன் போட்டது முழுக்க அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான். நீயோ கணக்கோடு நிற்காமல் முன்பக்கத்தையும் திருப்பிப் படிப்பாய். ஒருநாள் சாப்பிடும்போது உன் கையிலிருந்து ஒரு தாளை வாங்கி நான் ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன். ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப் காதர் பாய் எழுதியது. அவருடைய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மூன்று நம்பர் ஃபர்னஸ் கதவு பக்கம் கேஸ் வாசம் வருது. மழை பேஞ்சா ஜாஸ்தி. முன்னாடியும் சொன்னேன். எனக்கு இது பிடிக்கலை." பிடிக்கலையாம், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனாரா என்று நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. நீ ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "அர்ரே அப்பா, அவர் சொல்றது க்ளியராத்தானே இருக்கு?" என்றாய். சாப்பிடும்போது பேசாதே என்று உன்னை அதட்டினேன். பேசிக்கொண்டிருந்தவன் நான்தான்.

அறுநூறையும் ஒப்படைத்தபோது தலைவர் ஒரு சான்றிதழ் கேட்டார். எங்கள் இடத்தில் ஆணி வாங்கினாலும் சான்றிதழ் உண்டு. எல்லா நிலை ஊழியர்களின் ரிப்போர்ட்டுகளும் பரிசீலிக்கப்பட்டன, முக்கியமான எந்த விஷயமும் விடுபடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழகான வாக்கியம். எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதை நம்பித்தான் பத்மஜா புரோகிராமையும் புதுப் பாரத்தையும் செய்தாள். அறுநூற்றில் எந்தெந்த விஷயங்கள் வருகின்றனவோ அதற்கெல்லாம் பாரத்தில் கட்டம் போட்டாள். வெப்பம், அழுத்தம், ஓடிய நேரம், நின்ற நேரம். வாசத்துக்கும் சத்தத்துக்கும் கட்டம் இல்லை, ஏனென்றால் நல்ல இங்கிலீஷ் எழுதுகிறவர்கள் யாரும் ஃபர்னஸ் பக்கத்தில் நின்று மோந்து பார்த்ததில்லை. மெஷின் முதல் ரிப்போர்ட்டை அடித்துத் தந்தபோது அது நான் எழுதியது போலவே இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். எனக்கு அடுத்த கிரேடு கிடைத்தது. நீ எஞ்சினியரிங் சேர்ந்த சமயம் அது, வீட்டில் இரட்டைச் சந்தோஷம் என்று உன் அம்மாவே எல்லோரிடமும் சொன்னாள்.

புதுப் பாரம் வந்த முதல் வாரத்தில் காதர் பாய் என் மேஜைக்கு வந்தார். அவர் பேசும் தக்கனி உருது உனக்குத் தெரியும், நம் வீட்டுக்கு ரம்ஜான் ஹலீம் கொண்டு வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவாரே. பாரத்தை நீட்டி, "சாப், இதுல வாசம் வந்தா எங்க எழுதறது?" என்று கேட்டார். எழுத வேண்டாம் பாய், எண்ணை மட்டும் போடுங்கள், எழுதுவதை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றேன். "மெஷினுக்கு மூக்கு இருக்கா சாப்?" என்றார். அதற்கும் சிரித்தேன். வாயால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள் என்றேன். "வாயால சொன்னா யார் கேக்கறாங்க, எழுத்துல இருந்தாத்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் போன பிறகு நான் டீ குடிக்கப் போனேன்.

போன மழைக்காலத்தில் மூன்றாம் நம்பர் ஃபர்னஸ் கதவைத் திறக்கும்போது தீ வெளியே அடித்தது. காதர் பாயின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. இதை உனக்கு விபத்து என்று ஒரு வரியில் எழுதினேன், நீயும் வருத்தப்பட்டு ஒரு வரி எழுதினாய். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. விசாரணைக் கமிட்டி போட்டார்கள். மெஷின் எழுதிய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். விபத்துக்கு முந்தின ஷிப்ட் வரை எல்லாவற்றிலும் ஒரே வரி, எல்லாம் இயல்பு. பழுது இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட ஏன் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்று காதர் பாய் மேலேயே குற்றச்சாட்டு வந்தது. கவனக்குறைவு என்று சஸ்பெண்ட் செய்தார்கள். எழுதிக் கொடுத்தேன் என்று அவர் சொன்னார். ரெக்கார்ட் ரூமில் தேடினார்கள், இல்லை. இருக்காது, ரகு. அவை நம் வீட்டுப் பரணில், உன் கணக்குத் தாள்களோடு கட்டிக் கிடந்தன.

அந்த வாரமே பத்மஜா என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அறுநூறையும் திரும்ப அலசிப் பார்த்தேன் சார், வாசம், சத்தம், சந்தேகம் என்று ஒன்றில்கூட இல்லை, இத்தனை மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் அது எப்படி என்று கேட்டாள். "நீங்க தள்ளி வெச்சதுல ஏதாவது இருந்ததா சார்? ஞாபகம் இருக்கா?" என்றாள். அவள் குரலில் சந்தேகம் இல்லை, கவலைதான் இருந்தது. நான் இல்லை என்றேன். ஒரு வார்த்தை. அவள் நம்பினாள். பழைய ரிப்போர்ட்டுகளில் இப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். என் பொய்யை அந்தப் பெண் தன் கையெழுத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஏன் என்று கேட்பாய். பயந்தேன், வேறொன்றுமில்லை. சான்றிதழில் என் கையெழுத்து இருக்கிறது. ரிட்டயர்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம் இருக்கிறது. ஆபீஸ் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனது வேறு குற்றம். இதையெல்லாம்விட, டிராஃப்ட் சாமியின் கார்ப்பஸ் சொத்தை என்று நாலு பேர் பேசுவதை நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது. ஒரு மனிதனின் கை வெந்திருக்கிறது, நான் என் பேரைப் பற்றிக் கவலைப்பட்டேன். எட்டு மாசம் அந்தப் பரணுக்குக் கீழேயே நடந்தேன், நிமிர்ந்து பார்க்காமல். அந்தத் தாள்களை எரித்துவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. உன் கையெழுத்து இருக்கிறதே என்று எரிக்கவில்லை. நல்ல எண்ணத்தால் இல்லை.

அப்புறம் உன் கடிதம் வந்தது. தலைவரிடம் அனுமதி வாங்கி எடுத்த அறுநூறின் நகலை மட்டும் கட்டி அனுப்பினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. கட்டினேன். ஆனால் நீ அதன் மேல் உட்கார்ந்து ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்வாய். மனிதர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று என் பொறுக்கலை வைத்துக்கொண்டு நாலு பேருக்குச் சொல்வாய். பம்பாயில் செய்கிற மெஷின் நாளைக்கு இன்னோர் ஊரில் இன்னொரு ஃபர்னஸுக்கு ரிப்போர்ட் எழுதும். அதை நினைத்தால் பார்சலில் முடிச்சு விழவில்லை. அவிழ்த்துவிட்டுப் பரணில் ஏறினேன். காதர் பாய் எழுதியதில் மூன்று தாளில் அதே கதவு, அதே வாசம் இருக்கிறது. தேதியோடு, அந்தக் கால ஷிப்ட் இன்சார்ஜின் சுருக்கொப்பத்தோடு. மூன்றின் பின்பக்கமும் உன் கணக்கு.

முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எட்டு மாசமா உங்களுக்கு எப்படிச் சோறு எறங்குச்சு?" என்றாள். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில், "சட்டை தேய்ச்சு வெச்சிருக்கேன், அந்த மனுஷன் வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மௌலாலியில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, விரல்கள் முழுதாக மடங்காமல் இருந்தன. மூன்று தாளையும் நீட்டினேன். வாங்கவில்லை. வாங்க முடியாது என்பது நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் மடியில் வைத்தேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது என் எழுத்து" என்றார். "ஹவ், பாய், உங்களுடையதுதான்" என்றேன். "எங்க இருந்தது?" "என் வீட்டில்." "எத்தனை நாளா?" சொன்னேன். "கைக்கு சாப்?" என்றார். ஏன் என்று கேட்டார், அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. நான் என்னென்னவோ சொன்னேன். இங்கிலீஷ் சரியில்லாததால் தள்ளி வைத்தேன், அப்புறம் பயந்துவிட்டேன் என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டீ வரவில்லை. அந்த வீட்டுக்கு யார் போனாலும் டீ குடிக்காமல் விடமாட்டார்கள். உங்களோடு கமிட்டிக்கு நானும் வருகிறேன், ஆட்டோவில் சேர்ந்தே போகலாம் என்றேன். "நக்கோ சாப். நான் பஸ்ஸுல வந்துக்கறேன். நீங்க அங்க சொல்லுங்க, நான் உக்காந்து கேக்கறேன்" என்றார்.

பத்மஜாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். எனக்காக இல்லை. அவள் எழுதிக் கொடுத்த குறிப்புக்காக அழுதாள். அதைத் திரும்பப் பெற இன்றைக்கே மனு எழுதிவிட்டாள்.

இத்துடன் பார்சல் வருகிறது. அறுநூறும் இருக்கிறது, தள்ளியதில் இருநூற்றுப் பதினொன்றும் இருக்கிறது. மீதி மூன்று கமிட்டிக்குப் போகிறது. யாருடைய கணக்கு என்று கேட்டால் என் பையனுடையது என்று சொல்வேன், நீ கூச்சப்படாதே. இரண்டு கட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வேலை செய். எவர் உனக்கு எழுத்துக் குவியல் கொடுத்தாலும், இதில் சேர்க்காமல் விட்டது எது, விட்டவர் யார் என்று முதலில் கேள். எழுதினவர்கள் உயிரோடு இருந்தால் ஒரு நடை போய்ப் பார். இந்த வரி எதற்கு எழுதினீர்கள், எழுத நினைத்து விட்டது ஏதாவது உண்டா என்று உட்கார்ந்து கேள். உன் கைடு இதை நேர விரயம் என்பார். அவர் பேச்சை மற்றதில் கேள். இன்னொன்று, நீ கல்லூரியில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாய். அதை எப்படி வாபஸ் வாங்குவாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தாள்கள் என்னிடம் இருக்கின்றன என்று நான் எழுதிக் கொடுத்ததும் கமிட்டியை மறுபடி கூட்டுகிறார்கள், திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. நேற்று தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், என் மேல் பிரியம் உள்ளவர். அவர்கள் ஒன்றே ஒன்றுதான் முக்கியமாகக் கேட்பார்கள் என்றார். அந்த ரிப்போர்ட்டைப் படித்தபோது உங்களுக்குப் புரிந்ததா என்று கேட்பார்கள். மொழி தெளிவாக இல்லை, அர்த்தம் விளங்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்கு ஒரு மெமோவோடு போய்விடும், காதருக்கும் சஸ்பென்ஷன் ரத்தாகிவிடும், எல்லோருக்கும் நல்லது என்றார். யோசித்துப் பார்த்தேன். நடந்துகொண்டே யோசித்தேன், அதனால்தான் தார்னாகா வரை போனேன். காதர் பாயிடம்கூட நான் அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இங்கிலீஷ் சரியில்லை என்று. ஆனால் புரிந்தது, ரகு. முதல் தடவை படித்தபோதே புரிந்தது. கதவில் கேஸ் கசிகிறது, இந்த மனிதர் பயப்படுகிறார் என்று நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டுதான் தள்ளி வைத்தேன். திங்கட்கிழமை அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். புரிந்தது என்று சொல்லப் போகிறேன்.

அப்பா